வயசுக்கேத்த கலர்

ஜவுளிக்கடை விற்பனையாளருக்கு ஜாதகம் தேவையில்லை. "புடவை யாருக்கு சார்?" என்பார். "அம்மாவுக்கு" என்றதும் அரக்கும் மாம்பழ மஞ்சளும் நொடியில் மேலடுக்குக்குப் போய்விடும். சாம்பல், பிஸ்கட், வெங்காயத்தோல் என்று ஒரு துக்க ஊர்வலமே எதிரே வந்து இறங்கும். ஐம்பதைத் தாண்டினால் பெண்களுக்குச் சாயம் ஒத்துக்கொள்ளாது என்று இவர்களிடம் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் அம்மாக்களுக்கு மட்டும்தான். அதே வீட்டு அப்பா தலைக்கு மை பூசி, மீசையை மறந்துவிட்டு, மகனுடைய டீ-ஷர்ட்டுக்குள் தொப்பையைத் திணித்துக்கொண்டு வாக்கிங் கிளம்புவார். "யூத்தாவே இருக்கீங்க சார்!" என்பார் எதிர்வீட்டுக்காரர். (அவரும் மை கட்சி.) அம்மா ஒரு நாள் சிவப்புப் புடவை கட்டினால் மட்டும் மருமகள் முதல் மாடிவீட்டு மாமி வரை, "என்ன விசேஷம்?"

நல்லவேளை, பாடகி உஷா உதுப் இவர்களிடம் யோசனை கேட்கவில்லை. 1947-இல் பிறந்தவர். கண்ணைப் பறிக்கும் காஞ்சிபுரம் பட்டு, கை நிறைய வளையல், தலை நிறையப் பூ, ரூபாய் நாணயத்தைத் தோற்கடிக்கும் பொட்டு, காலில் ஸ்னீக்கர்ஸ். 2024-இல் பத்மபூஷண் அறிவித்தபோது அரசாங்கம்கூட அந்த ஸ்னீக்கர்ஸைப் பற்றி மூச்சு விடவில்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் ஒரு நீலத்துக்கே 'எம்.எஸ். புளூ' என்று பெயர் வந்தது. இப்போது பட்டில் அதைக் கேட்டால், விலையைத்தான் வயசுக்கு மீறிச் சொல்கிறார்கள்.