தேங்கா உடைக்கிறது அவுக, கடன் நம்ம பேர்ல

வா பேராண்டி, உக்காரு. என்ன, மூஞ்சி பூராம் பல்லாத் தெரியுது? கோட்டையில புது மசோதா வச்சுட்டாகளா? இனி நாடு திருந்திரும்னு செல்போன்ல வந்துச்சா? சரிதான். கை தட்டு, வேண்டாங்கல. தட்டுறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி கேளு. இந்தச் சோலியை யாரு பாக்கப்போறா?

மந்திரி பாப்பாரா? வேட்டி அழுக்காகிப்போகும். கலெக்டர் பாப்பாரா? அவருக்கு மீட்டிங் இருக்கு. பெறகு யாரு? பஞ்சாயத்து ஆபீசுல ஒத்தைக் குழல்விளக்குக்குக் கீழ உக்காந்திருக்காரு பாரு, நம்ம ஊராட்சி செயலர், அவருதான். வீட்டு வரி ரசீது போடுறதும் அவரு. குழாய் உடைஞ்சா ஆள் புடிக்கிறதும் அவரு. தெருவிளக்கு எரியலைன்னா ஏச்சு வாங்குறதும் அவரு. ஒன்றிய ஆபீசுல கூப்பிட்டா வண்டிய முறுக்கிக்கிட்டு ஓடுறதும் அவருதான். வரியெல்லாம் ஆன்லைன்ல கட்டணும்னு வந்துச்சு. நல்ல ஏற்பாடுதான், குத்தம் சொல்லல. ஆனா நம்ம ஊருல சிக்னல் எங்கன கெடைக்கி? கம்மாக்கரை மேல. மனுசன் லேப்டாப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கரை மேல நிக்காரு. மழை வந்தா வரி வசூல் நின்னுபோகுது.

தமிழ்நாட்டுல பன்னெண்டாயிரத்துக்கு மேல ஊராட்சி இருக்கு, தெரியுமா ஒனக்கு? கோட்டையில குளுகுளு ரூம்புல உக்காந்து ஒருத்தர் ஒரு வரி எழுதுறாரு. ‘இதனை உள்ளாட்சி அமைப்புகள் உறுதி செய்ய வேண்டும்.’ எழுத அரை நிமிசம். அந்த அரை நிமிசத்துக்கு பன்னெண்டாயிரத்துக்கு மேல எடத்துல ஒரு மனுசன் வேலையத் தூக்கித் தலையில வைக்கணும்.

ஊருக்கே அதிகாரம் குடுத்தாச்சுன்னு பாடப்புத்தகத்துல படிச்சிருப்ப. வாஸ்தவம்தான். அரசியல் சட்டத்துல 73-ஆவது திருத்தம் வந்துச்சு. 1993 ஏப்ரல் 24-ல அமலாச்சு. அடுத்த வருசமே தமிழ்நாட்டுல ஊராட்சிகள் சட்டம் வந்துச்சு. பதினோராவது அட்டவணைன்னு ஒண்ணு போட்டு, அதுல 29 சோலி எழுதினாக. வெவசாயம், குடிதண்ணி, ரோடு, மீன் வளக்கிறது, நூலகம், சந்தை, சுகாதாரம்னு மூச்சு முட்டுற பட்டியல். சோலிக்குப் பட்டியல் இருக்கு. துட்டுக்கு?

இந்தா, நம்ம ஊர்ப் பொட்டியத் தொறந்து பாப்போம். வீட்டு வரி, தண்ணிக் கட்டணம், கம்மாயில மீன் ஏலம், ரோட்டோரத்துப் புளியமர ஏலம். வீட்டு வரியக் கூட்டலாமான்னு கேட்டா தலைவருக்கு வேர்த்துருது, அடுத்த எலக்சன் ஞாபகம் வந்துருது. தொழில் வரின்னு ஒண்ணு இருக்கு. ஒரு ஆளுக்கு வருசத்துக்கு 2,500 ரூவாய்க்கு மேல போடக்கூடாதுன்னு 1988-ல அரசியல் சட்டத்துல வேலி கட்டினாக. வேலி இன்னைக்கும் அங்கனயேதான் நிக்கி. 1988-ல டீக்கடை வடை என்ன விலை, இப்ப என்ன விலை? வடைக்குத் தெரிஞ்ச விலைவாசி வரிக்குத் தெரியல பாத்துக்கோ.

மிச்சத்துக்குக் கோட்டையத்தான் பாக்கணும். மாநிலத்தோட சொந்த வரி வருமானத்துல பத்துல ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. அதுல மாநகராட்சிக்கும் பங்கு, நகராட்சிக்கும் பங்கு, பேரூராட்சிக்கும் பங்கு, பெறகுதான் நாம. வந்து சேர்ந்த துட்டுலயும் மொதல் மரியாதை கரண்டு பில்லுக்கு. ரெண்டாவது மரியாதை கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கு. அதுக்குப் பெறகு பொட்டியக் கவுத்துத் தட்டினா என்ன விழும்? கரப்பான்பூச்சி விழும்.

இப்ப மசோதாவைக் கையில எடு. முன்பக்கத்தை விடு, அது கச்சேரிக்கு வச்ச மைக்செட்டு. கடைசிப் பக்கத்துக்கு வா. நிதிக் குறிப்புன்னு ஒண்ணு இருக்கும். அரசியல் சட்டம் 207-ஆவது பிரிவு என்ன சொல்லுது? மாநிலக் கருவூலத்துல இருந்து செலவாகும்னா, அந்த மசோதாவை ஆளுநர் பரிந்துரை இல்லாம நிறைவேத்தக் கூடாதுன்னு சொல்லுது. நல்ல கட்டுப்பாடுதான். ஆனா கூர்ந்து பாரு. மாநிலக் கருவூலச் செலவுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. நம்ம ஊர்ப் பொட்டியில இருந்து செலவானா? அதுக்கு ஒரு கட்டமும் கெடையாது. கேக்க ஒரு நாதியும் கெடையாது. மாநிலத்துக்குச் செலவில்லைன்னு சுத்தமாக் கணக்குக் காட்டிரலாம். பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல.

இதைத்தான் நம்ம பெரியாளுக கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறதுன்னாக. புண்ணியம் உடைச்சவருக்கு. சில்லு பொறுக்கினவன் கூட வந்தவன். கடைக்காரன் நோட்டுல கடன் மட்டும் நம்ம பேர்ல. பிள்ளையாரும் பாவம், யாருக்கு வரம் குடுக்கணும்னு தெரியாம முழிக்காரு.

கெழவனுக்கு எதைப் பாத்தாலும் குறைன்னு நெனைக்காத. குப்பையத் தரம் பிரிக்கச் சொன்னாக, கெட்டதா? இல்ல. 2019 சனவரி 1-ல இருந்து ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுற பிளாஸ்டிக்குல 14 வகைக்குத் தடை போட்டாக, தப்பா? சத்தியமா இல்ல. மாட்டு வயித்துல பையி சிக்கிச் செத்ததைக் கண்ணால பாத்த ஊரு இது. ஆனா கடை கடையாப் போயி புடிக்கிறது யாரு? புடிச்சதைப் போட்டு வைக்கிறது எங்க? வீட்டுக்கு ரெண்டு கூடை குடுத்தாக, பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. ஓங்க ஆத்தா வீட்டுல போயிப் பாரு. பச்சைக் கூடையில பருத்திவிதை ஊறுது. சிவப்புக் கூடையில கோழி அடையில கெடக்கு. தரம் பிரிக்கக் கட்டின கொட்டகையில வெள்ளாடு படுத்து அசை போடுது. பேட்டரி வண்டிக்குப் பேட்டரி செத்து, வேப்பமரத்தடியில நிக்கி. வண்டி வாங்கத் திட்டத்துல துட்டு இருந்துச்சு. பேட்டரி மாத்த யாரு குடுப்பா? சட்டம் போட்டவுகளுக்குப் பிள்ளை பெத்தா போதும், பால் வாங்குறது ஊரு.

தெருநாய்க்கு 2023-ல டெல்லி ஒரு விதி போட்டுச்சு. நாயைப் புடி, கருத்தடை பண்ணு, ஊசி போடு, காயம் ஆறுனதும் புடிச்ச அதே தெருவுலயே கொண்டாந்து விடு. செய்யவேண்டியது உள்ளாட்சி. டாக்டருக்கு எங்க போக? வண்டிக்கு எங்க போக? நம்ம தலைவரு நாயைப் பாக்காரு. நாயி தலைவரைப் பாக்குது. ரெண்டு பேருக்கும் வழி தெரியல.

சரி, வேலை நடக்கலைன்னா என்னாகும்? துட்டு குடுக்காதவுகளுக்கு ஒண்ணும் ஆகாது. தலைவருக்குத்தான் ஆகும். ஊராட்சிகள் சட்டத்துல 205-ஆவது பிரிவு இருக்கு. விளக்கம் கேட்டு, கடைசியில கலெக்டரே தலைவரைப் பதவியில இருந்து எறக்கலாம். ஓட்டுப் போட்டது ஊரு, எறக்குறது ஆபீசரு. ஏறச் சொன்னா எருதுக்குக் கோவம், எறங்கச் சொன்னா நொண்டிக்குக் கோவம்னு அந்த மனுசன் நடுவுல நிக்காரு.

தலைவரு இருந்தாலாவது பரவாயில்ல. 2016-ல பதவிக்காலம் முடிஞ்சுச்சு, 2019 டிசம்பர் வரைக்கும் ஊருக்கு எலக்சனே இல்ல. தனி அலுவலர் ஆட்சிதான். ஒம்போது மாவட்டத்துக்கு 2021 வரைக்கும் அதே கதை. 2025 சனவரியில 28 மாவட்டத்துல பதவிக்காலம் முடிஞ்சப்பவும் மறுபடி தனி அலுவலர்தான். பாரம் கூடுதான்னு கேக்கவேண்டிய தேர்ந்தெடுத்த வாயே இல்லாதப்போ, மேல இருந்து எத்தனை மூட்டை எறக்கினாலும் ‘ஐயோ’ங்கிற சத்தம் எங்கன கேக்கும்?

நம்ம ஊருக்கு மட்டும் வந்த நோவுன்னு நெனைக்காத. கலிபோர்னியாவுலயும் இதே கூத்துதான் நடந்திருக்கு. அங்க சனங்க 1979-லயே ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்துல எழுதிப்புட்டாக. மாநிலம் உள்ளூருக்குப் புதுச் சோலி குடுத்தா செலவையும் மாநிலமே குடுக்கணும். அப்பவும் பாக்கி வச்சு இழுத்தடிச்சாக. விட்டாகளா சனங்க? 2004-ல இன்னொரு முடிச்சுப் போட்டாக. துட்டை ஒதுக்கு, இல்லைன்னா அந்தக் கட்டளைய நிறுத்தி வை. வெள்ளைக்காரன் ஊருல சொன்னாத்தான நீ நம்புவ, அதான் சொல்லி வைக்கேன்.

அதனால என்ன செய்யச் சொல்றீகன்னு கேக்கியா? போராட்டமெல்லாம் வேண்டாம். வருசத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்னைக்காவது செல்போனை மடியில சொருகிட்டு அங்க வந்து உக்காரு. டீயும் உண்டு. புதுச் சட்டம்னு யாராச்சும் வாசிச்சா எந்திரிச்சு மூணு கேள்வி கேளு. யாரு செய்வா? என்ன செலவு? அது எந்தப் பொட்டியில இருந்து? பதிலைத் தீர்மான நோட்டுல எழுதச் சொல்லு. எழுதாம வீட்டுக்குப் போகாத.

எங்கிட்ட கேட்டா ஒரே வரியில ஒரு மசோதா சொல்வேன். ‘சட்டம் போடுறவுக மொதல்ல தன் சட்டைப்பையில கைய விடணும்.’ அம்புட்டுத்தான். ஆனா இதையும் கோட்டையில கொண்டுபோயிக் குடுத்துராத. நிறைவேத்திட்டு, அதை அச்சடிச்சு ஊருக்கு ஊரு போர்டு வைக்கிற செலவு பஞ்சாயத்தோடதுன்னு கீழ ஒரு வரி சேத்துருவாக.