அதிபரின் எழுத்துப்பிழை

ஆங்கிலத்தில் 'ஊடாக' என்று பொருள்படும் 'த்ரூ' என்னும் சொல்லுக்கு ஏழு எழுத்துகள் தேவைப்படுகின்றன. கடைசியில் நிற்கும் 'ஜி'யும் 'எச்'சும் ஒரு காலத்தில் தொண்டையைச் செருமுவது போன்ற ஓர் ஒலியைக் குறித்தவை, அவ்வொலி பொதுப்பேச்சிலிருந்து மறைந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், வாடகையும் தராமல் வீட்டையும் காலி செய்யாத குடித்தனக்காரரைப் போல் அங்கேயே நிலைத்துவிட்டவை. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பின், எழுத்துக்கூட்டல், அதாவது பேச்சுவழக்கில் 'ஸ்பெல்லிங்' எனப்படுவது, மெல்ல மெல்ல உறைந்துபோக, உச்சரிப்பு மட்டும் தன்போக்கில் மாறிக்கொண்டே சென்றது.

இதைச் சீர்செய்ய 1906இல் அமெரிக்காவில் 'எளிய எழுத்துக்கூட்டல் வாரியம்' தோன்றியபோது, எஃகுச் செல்வர் ஆண்ட்ரூ கார்னகி பணம் கொடுத்தார். நூலகங்களுக்குத் தசம வகைப்பாட்டை வகுத்தளித்த மெல்வில் டூயியும் அதில் இருந்தார். அவரோ தம் முதற்பெயரின் கடைசி இரு எழுத்துகளை ஏற்கெனவே வெட்டியெறிந்து, குடும்பப் பெயரையும் சில காலம் மூன்றே எழுத்தில் எழுதிப் பார்த்தவராதலால், கொள்கைப்பற்றில் ஐயத்துக்கு இடமில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், வாரியம் பட்டியலிட்ட 300 சொற்களைப் புதிய முறையிலேயே அச்சிடுமாறு அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். பத்திரிகைகள் எள்ளி நகையாடின. டிசம்பரில் பிரதிநிதிகள் அவை, அகராதிகளின் வழக்கமான கூட்டலே தொடரவேண்டும் எனத் தீர்மானிக்க, அதிபர் பின்வாங்கினார். முந்தைய ஆண்டில்தான் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் சமாதானம் செய்துவைத்தவர், 'ஜி', 'எச்' முன்னிலையில் தோற்றார்.

அதிபரால் ஆகாதது பர்கர் கடைகளால் ஆயிற்று என்பதுதான் வியப்பு. காரைவிட்டு இறங்காமல் சன்னலோரமாகவே உணவு வாங்கிச் செல்லும் 'டிரைவ்-த்ரூ' பரவியபோது, அதன் பலகைகளில் 'த்ரூ'வின் ஏழு எழுத்துகளுக்குப் பதிலாக ரூஸ்வெல்ட் விரும்பிய நான்கே எழுத்துகள் எவர் ஆணையுமின்றி ஏறி அமர்ந்தன. அப்பலகையைப் பார்த்துப் பசியாறிய மாணவர் அதையே தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் குறையும். கல்விக்கூடத்தின் நேர்மை வயிற்றின் நேர்மையோடு ஒத்துப்போவதில்லை போலும்.

வாரியம் வென்றிருந்தால் மற்றொரு தொழிலும் நசிந்திருக்கும். எழுத்துக்கூட்டலை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்பிக்கும் 'ஸ்பெல்லிங் பீ' போட்டி, எழுத்தும் ஒலியும் பொருந்தாத மொழியில் மட்டுமே சுவைக்கக்கூடியது. 2019இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில், சிறுவர்களைத் திணறடிக்கும் சொற்கள் நடத்துநர்களிடம் தீர்ந்துபோகும் நிலை வரவே, எட்டுப் பேரைக் கூட்டாக வெற்றியாளர்களென அறிவித்தனர். அவர்களுள் எழுவர் இந்திய வம்சாவளியினர்.