அங்க குடிச்சாத்தாங்க அது பீரு

பீர் வாங்கப் போகிறவர்கள் கவுன்ட்டரில் கேட்கும் முதல் கேள்வி "கூலிங் இருக்கா?" என்பதுதான். ஒருவர் மட்டும் அப்படிக் கேட்கமாட்டார். "இம்போர்ட்டடா?" என்பார். எலைட் கடைக்குள் நுழைந்து ஒரு டின்னை எடுப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பிராண்டின் பெயரை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருக்கிற ஊரைத் தேடுவார். ஐரோப்பிய ஊர் என்றால் முகம் மலரும். இந்திய ஊர் என்றால், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துத் திரும்ப வைத்துவிடுவார்.

"அதே பிராண்டுதானே சார்?" என்று யாராவது அப்பாவியாகக் கேட்டுவிட்டால் போச்சு.

"தம்பி, பேரு அதேதான். சரக்கு அது இல்ல. அங்க குடிச்சாத்தான் அது பீரு."

இந்த "அங்க" என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆன்சைட் போய் வந்தவருக்கு ஆம்ஸ்டர்டாம். மகன் வீட்டுக்குப் பேரனைப் பார்க்கப் போய் வந்தவருக்கு நியூஜெர்சி. பாஸ்போர்ட்டே எடுக்காதவருக்கும் ஓர் "அங்க" உண்டு. அவருடைய மச்சான் போய் வந்திருப்பார்.

இவர்களுடைய துக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இவர்களுடைய அப்பா காலத்தில் "ஃபாரின்" என்றாலே ஒரு மரியாதை இருந்தது. பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய வாட்ச், சிங்கப்பூரிலிருந்து வந்த சென்ட், சலவைக்குப் போட மனம் வராத சட்டை. 1991இல் பொருளாதாரக் கதவு திறந்த பிறகு எல்லாம் தெருமுனைக்கே வந்துவிட்டது. கடைசியில் பீரும் வந்தது. கார்ல்ஸ்பெர்க், ஹைனெக்கன், பட்வைசர் எல்லாம் இந்தியாவிலேயே காய்ச்சப்படுகின்றன. வெளிநாட்டுப் பெயரை உள்ளூர்க்காரன் எல்லாம் குடித்தால், வெளிநாடு போய் வந்தவனுக்கு என்னதான் மிச்சம்? பொடி எழுத்துதான் மிச்சம்.

விமான நிலையத்தில் அவரைப் பார்க்க வேண்டும். ஒரு பயணி தீர்வையில்லாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். விவரம் தெரிந்தவன் இரண்டு விஸ்கி பாட்டிலோடு வெளியே வருவான். நம்மவர் நாலு அரை லிட்டர் பீர் டின்னோடு வருவார். வீட்டம்மா அதற்காகத் தலையில் அடித்துக்கொண்டதைக்கூடப் பெருமையாகவே சொல்வார். (இந்த இடத்தில் "குடி குடியைக் கெடுக்கும்" என்று போட வேண்டும். போட்டாயிற்று.)

அவருடைய அறிவியல் செய்முறை ஒன்று உண்டு. அதைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. "நம்மூரு பீருல கிளிசரின் கலக்குறான் தம்பி, கெடாம இருக்க" என்று ஆரம்பிப்பார். ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் கேட்பார். உள்ளூர் பாட்டிலைத் திறந்து, கட்டை விரலால் வாயை அடைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, கழுத்தைத் தண்ணீருக்குள் விட்டு விரலை எடுப்பார். பாட்டிலிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு நெளிந்து நெளிந்து டம்ளரின் அடிக்கு இறங்கும். மேஜையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். "பாத்தியா, கிளிசரின்!" என்பார். ஒரு நிமிஷம் பொறுத்து, விஷம் நீங்கிய பீரை நமக்கு ஊற்றிக் கொடுப்பார்.

அந்த மஞ்சள் கோடு பீர்தான். நொதித்த பிறகும் பீரில் சர்க்கரையும் புரதமும் கொஞ்சம் கரைந்து நிற்பதால் அது தண்ணீரைவிடச் சற்றுக் கனம். ஃபிரிஜ்ஜின் சில்லிப்பு அதை இன்னும் கனமாக்கும். கனமானது கீழே இறங்குகிறது, அந்த இடத்துக்குத் தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறுகிறது. அதாவது காசு கொடுத்து வாங்கிய பீரில் அவரே குழாய்த் தண்ணீரைக் கலந்துவிட்டு, "பாரு, எப்படிச் சப்புன்னு இருக்கு நம்மூரு பீரு" என்கிறார். கிளிசரின் என்று பார்த்தால், நொதிக்கும்போது ஈஸ்ட்டே துளியூண்டு உண்டாக்கிவிடும். அது டென்மார்க் பீரிலும் இருக்கிறது. "அப்ப உங்க இம்போர்ட்டட் பாட்டிலையும் கவுத்துப் பாக்கலாமா சார்?" என்று கேட்டேன். "அதை எதுக்குத் தம்பி வீணாக்கிக்கிட்டு?" என்றார்.

அடுத்தது வாசனை. பச்சை பாட்டிலைத் திறந்ததும் கண்ணை மூடி முகர்வார். "இந்த வாசம் இங்க வராது." வராமல் இருப்பதே நல்லது. பீரின் கசப்புக்குக் காரணமான ஹாப்ஸ் சத்து, வெளிச்சம் பட்டால் சிதைந்து ஒரு கந்தகச் சேர்மமாக மாறும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி இருக்கிறது. வாலைத் தூக்கி நாற்றத்தைப் பீய்ச்சி எதிரியை விரட்டுவது அதன் தொழில். ஏறக்குறைய அதே நாற்றம். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. கப்பலேறி, துறைமுக வெயிலில் கண்டெய்னருக்குள் வெந்து, கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் மாதக்கணக்கில் நின்ற பீர் கெட்டுப்போகிற வாசனையைத்தான் நம்மவர் ஐரோப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பீர் வைத்துக் குடிக்க வைத்துக் குடிக்க ருசி ஏறுகிற ஒயின் இல்லை. போன மாதம் பக்கத்து ஊரில் அடைத்தது, போன வருஷம் கடல் தாண்டி அடைத்ததைவிடப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. நம் ஊரில் அதிகம் விற்பது "ஸ்ட்ராங்". ஆம்ஸ்டர்டாமில் ஐந்து சதவீதத்தைக் குடித்தவர், இங்கே எட்டு சதவீதத்தைக் குடித்துவிட்டு "ருசி மாறிடுச்சு" என்றால் மறுக்க முடியாது. அயர்லாந்து பீரான கின்னஸைப் பற்றி ஓர் ஆய்வுகூட வந்தது. 2011இல் உணவு அறிவியல் இதழ் ஒன்றில். நாலு பேர் 14 நாடுகளில், 33 நகரங்களில் குடித்துப் பார்த்து மார்க் போட்டார்கள். அயர்லாந்துக்குள் நூற்றுக்கு 74, வெளியே 57. இதை அவரிடம் சொன்னதிலிருந்து என்னை மதிக்க ஆரம்பித்துவிட்டார். குடித்தவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து குடிக்கிறோம் என்று தெரிந்தேதான் குடித்தார்கள் என்பதையும் சொன்னேன். அது அவர் காதில் விழவில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அவர் மெச்சுகிற அமெரிக்காவிலேயே, "ஜெர்மன் பீர்தான் பீர்" என்று பெக்ஸ் வாங்கிக் குடித்தவர்கள் உண்டு. பிரெமன் நகரத்துப் பீர் அது. 2012இலிருந்து அமெரிக்கச் சந்தைக்கான பெக்ஸை செயின்ட் லூயிஸிலேயே காய்ச்ச ஆரம்பித்தார்கள். லேபிளில் "ஜெர்மன் தரம்" என்று பெரிதாகவும், அமெரிக்கத் தயாரிப்பு என்று சிறிதாகவும் இருந்தது. இறக்குமதி என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்தோமே என்று வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015இல் சமரசம் ஆயிற்று. ரசீது வைத்திருந்த வீட்டுக்கு 50 டாலர் வரை, இல்லாத வீட்டுக்கு 12 டாலர் வரை. அவர்களுடைய புகார் லேபிளைப் பற்றியது. நாக்கு சாட்சிக் கூண்டில் ஏறவில்லை.

இதையும் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதான் பாத்தேன் தம்பி, நியூஜெர்சியில குடிச்சப்பவே ஏதோ குறையுதேன்னு பட்டுச்சு."

உங்கள் வீட்டு மொட்டைமாடிக்கும் இப்படி ஒருவர் வருவார். உள்ளூர் பீரை நல்ல தேதி பார்த்து வாங்கி, இருட்டில் குளிர வைத்து, சமையலறையிலேயே கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மகன் கொண்டுவந்தது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாட்டிலை மட்டும் கண்ணில் காட்டிவிடாதீர்கள்.