நொறுக்கின் இலக்கணம்: எண்ணெய் குறைந்த காய்த்தீனி குறித்து ஓர் ஆராய்ச்சி

மாலை நான்கரைக்கும் ஆறு மணிக்கும் இடையில் தமிழர் வாயில் போட்டுக்கொள்ளும் பொருளுக்கு நொறுக்குத்தீனி என்று பெயர். இந்தப் பெயரை உண்பவர்கள் கவனித்துப் படிப்பதில்லை. அதற்குள் கை தட்டுக்குப் போயிருக்கும். தின்பண்டங்களின் பெயர்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பொருளைச் சொல்லும்; பருப்பு வடை அப்படி. அல்லது செய்முறையைச் சொல்லும். வறுவல், அவியல், பொரியல் அப்படி. ஊரைச் சொல்வதும் உண்டு. மணப்பாறை முறுக்கும் திருநெல்வேலி அல்வாவும் சாட்சி. நொறுக்குத்தீனி இவை எதையும் சொல்லவில்லை. அரிசியா, உளுந்தா என்று அதற்கு அக்கறை இல்லை. எண்ணெயைப் பற்றி அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. பல்லுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது: நொறுங்குகிறது. இதிலிருந்து பெறப்படும் கருதுகோள் எளியது. நொறுக்குத்தீனியின் உயிர் எண்ணெயில் இல்லை, ஓசையில் இருக்கிறது. ஓசையைக் காப்பாற்றிக்கொண்டால் எண்ணெயைக் கைவிடலாம். அந்த ஓசை காய்க்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. இவற்றை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்சான்று மொழியிலிருந்து. தமிழ்ச் செவி நொறுங்கலில் இரண்டு வகையைப் பிரித்தறிகிறது. அப்பளத்துக்கு ‘மொறுமொறு’. பிஞ்சு வெள்ளரிக்காய்க்கு ‘நறுக்’. முன்னது இரட்டைக்கிளவி, அதைப் பிரித்து ‘மொறு’ என்று ஒற்றையாகச் சொன்னால் பொருள் தராது என்பது தொல்காப்பியத்திலேயே தீர்ந்துபோன வழக்கு. பின்னது ஒற்றையாகவே நிற்கும். அப்பளம் ஒரே உடைவாக உடைவதில்லை, சின்னச் சின்ன உடைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆகவே சொல்லும் அடுக்கி வருகிறது. வெள்ளரிக்காய் ஒரே கடியில் விட்டுக்கொடுத்துவிடும்; சொல்லும் ஒன்றோடு நின்றுவிடும். இன்னும் ஒன்று கவனிக்கத்தக்கது. மரத்தை அறுக்கிறோம், துணியைக் கத்தரிக்கிறோம், கரும்பை வெட்டுகிறோம். காயை மட்டும் நறுக்குகிறோம். அரிவாள்மணை முதலில் கேட்ட ஓசையைத்தான் பிறகு பல் கேட்கிறது. சொற்பிறப்பியலார் இந்த இடத்தில் இருமுவார்கள். இருமட்டும்.

உணவியலாரும் உலர் மொறுமொறுப்பு, ஈர மொறுமொறுப்பு என்று இதையே இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஈர வகையில் காயின் ஒவ்வொரு செல்லும் நீர் அடைத்த பலூன்போல விறைத்து நிற்கிறது. பல் படும்போது சுவர் கிழிந்து நீர் பீறிடுகிறது, அதுவே ‘நறுக்’. உலர் வகையில் நீரே இல்லை. வறண்ட சுவர்களும் நடுவே காற்றறைகளுமே மிச்சம். அந்தச் சுவர்கள் வரிசையாக உடைவது ‘மொறுமொறு’. ஒன்றில் நீர் முழுதாக இருக்க வேண்டும், மற்றதில் முழுதாகப் போயிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காய்க்குச் ‘சவசவ’ என்றும் ‘கொழகொழ’ என்றும் பெயர். நேற்றைய பஜ்ஜி அந்த இடைநிலத்தில் வசிக்கிறது.

பஜ்ஜி என்ற சொல் வந்துவிட்டதால் அதன்மேல் குற்றப்பத்திரிகையையும் இங்கேயே படித்துவிடலாம். வாழைக்காய் பஜ்ஜியில் ஓசை எழுப்புவது எது? கடலைமாவு. வாழைக்காய் உள்ளே ஆவியில் வெந்து, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சூடு பட்டதும் அதன் செல்சுவர் தளர்ந்து விறைப்பு போய்விடுகிறது. அதாவது காயிடமிருந்த ஓசையை முதலில் பறித்துக்கொண்டு, பிறகு மாவையும் எண்ணெயையும் கொடுத்து வேறோர் ஓசையைக் கடனாக வாங்குகிறோம். பஜ்ஜியைக் காய்ப் பண்டம் என்பது, கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரை மாப்பிள்ளை என்பதுபோல. கடனுக்கு வட்டியும் உண்டு. பச்சை உருளைக்கிழங்கு 100 கிராமில் சுமார் 77 கலோரி. அதையே சீவிப் பொரித்து சிப்ஸ் ஆக்கினால் 100 கிராமுக்கு 500-ஐத் தாண்டிவிடுகிறது. நேர்மையாகச் சொன்னால், இந்த ஏற்றத்தில் பாதிக்குமேல் நீர் போனதால் வந்தது; கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான், அது போனால் எடை குறைந்து கலோரி செறிவாகத் தெரியும். ஆனால் ஒரு கீற்றை மட்டும் எடுத்து எண்ணிப் பாருங்கள்: நீர் போனதால் அந்தக் கீற்றில் ஒரு கலோரியும் கூடவில்லை, கூடியதெல்லாம் எண்ணெய். சிப்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுதான். கிராமுக்கு ஒன்பது கலோரி வீதம். கொதிக்கும்போது வெளியேறும் நீராவி எண்ணெயை உள்ளே விடாது. வாணலியிலிருந்து எடுத்து ஆறவைக்கும்போதுதான் நீர் காலிசெய்த அறைகளில் எண்ணெய் குடியேறுகிறது. ‘நன்றாக வடியவிட்டால் சரி’ என்று சொல்பவர்கள், குடியேறி முடித்தவரிடம் காலிசெய்யச் சொல்லுகிறார்கள்.

ஓசையே முதன்மை என்பதற்கு ஆய்வகச் சான்று உண்டா? உண்டு. மாசிமிலியானோ சாம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் ஆகிய இருவர் 2004-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே அச்சில் வார்த்த பிரிங்கிள்ஸ் சிப்ஸைக் கடிக்கச் சொல்லி, கடிக்கும் ஓசையை ஒலிவாங்கியில் பிடித்து, கடித்தவர் காதுக்கே ஹெட்போன் வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். ஓசையைக் கூட்டியபோதும், அதன் உச்ச அலைவரிசைகளை மட்டும் தூக்கிவிட்டபோதும், அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாக உண்டவர்கள் சொன்னார்கள். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2008-இல் இவர்களுக்குக் கிடைத்தது. பரிசின் தன்மையைக் காட்டி இந்தச் சான்றை இகழ்பவர்கள், இக்கட்டுரையின் தன்மையையும் நினைவில் கொள்ள வேண்டும். சோதனை முழுவதும் எண்ணெய் மாறவில்லை, உப்பு மாறவில்லை. மாறியது காதில் விழுந்தது மட்டுமே.

இனி இந்தத் துறையின் மெய்யான அறிஞரிடம் செல்வோம்: பேருந்து நிலையத்தில் கூடையோடு நிற்கும் வெள்ளரிக்காய்க்காரர். அவர் காயை நெடுக்காக நான்காகக் கீறுகிறார், ஆனால் அடியைத் துண்டிப்பதில்லை. காய் பூப்போல விரிந்து ஒரு கையில் அடங்குகிறது. கீறிய ஈரப்பரப்பில் மிளகாய்த்தூளும் உப்பும் சிந்தாமல் ஒட்டுகின்றன. இதைவிட முக்கியம், அவர் உப்பைத் தடவும் நேரம். முன்கூட்டியே தடவி அடுக்கி வைப்பதில்லை. காசு கைக்கு வந்தபின்தான் தடவுகிறார். உப்பு செல்லிலிருந்து நீரை வெளியே இழுக்கும். கால் மணி நேரம் போதும், விறைப்பு தளர்ந்து காய் துவண்டுவிடும். சவ்வூடுபரவல் என்ற சொல்லைப் பாடநூலில் மனப்பாடம் செய்தவர்கள் வீட்டில் காலையிலேயே உப்புப் போட்டு டப்பாவில் அடைக்கிறார்கள்; அந்தச் சொல்லைக் கேட்டிராதவர் கடைசி நொடிவரை காத்திருக்கிறார். நுனியை வெட்டி வட்டமாகத் தேய்த்து நுரை வரவழைக்கும் வழக்கத்தில் மட்டும் பயன் பெரும்பாலும் வெட்டியதில்தான் இருக்கிறது. கசப்புப் பொருள் காம்புப் பக்கத்தில் கூடுதலாகத் தங்கும், வெட்டியபோதே போய்விடும், தேய்ப்பது சடங்கு. 200 கிராம் வெள்ளரிக்காயின் கணக்கு சுமார் 30 கலோரி. அதே 30 கலோரிக்கு சிப்ஸ் கேட்டால் நான்கு கீற்றுகூடத் தேறாது.

உப்பின் இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் வீட்டுச் செய்முறைகள் தாமே வரிசைப்படும். ‘நறுக்’ வேண்டுமானால் உப்பு கடைசியில். கேரட்டையும் முள்ளங்கியையும் நூக்கலையும் விரல்நீளத் துண்டுகளாக்கிக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டால் இழந்த விறைப்பு திரும்பும். தட்டில் வைக்கும்போது எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், உப்பு. கோசுமல்லி இந்த வகையின் செவ்வியல் நூல்: ஊறிய பாசிப்பருப்பு, துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெள்ளரி, கொஞ்சம் மாங்காய், கடுகு தாளிப்பு. பரிமாறும்போதுதான் உப்புச் சேர்க்க வேண்டும் என்று பாட்டிமார் சொன்னது இதனால்தான். ‘மொறுமொறு’ வேண்டுமானால் விதி தலைகீழாகும். நீரை விரட்ட உப்பு முதலில் வரவேண்டும். பாகற்காயைச் சன்னமான வட்டங்களாக நறுக்கி, உப்புப் பிசிறி அரை மணி வைத்துப் பிழிந்தால் கசப்பில் கொஞ்சமும் நீரில் நிறையவும் வெளியேறிவிடும். கால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் பிசிறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, அவனிலோ இரும்புக்கல்லிலோ மிதமான சூட்டில் விட்டுவிட வேண்டியதுதான். வெண்டைக்காய்க்கு உப்பு முன்னதாக வேண்டாம். கழுவித் துடைத்து நன்றாக உலர்ந்தபின் நறுக்குவது போதும், ஈரக்கத்தி பட்டால் கொழகொழப்பு விழித்துக்கொள்ளும். முருங்கைக்கீரையோ சில நிமிடங்களில் மொறுமொறுத்துவிடும். சில நிமிடங்கள் கூடினால் கரியும் ஆகிவிடும். காற்று எண்ணெயைவிட மெதுவாகவே சூட்டைக் கடத்தும், ஆகவே எண்ணெய்க்குப் பதிலாகக் கொடுக்க வேண்டிய விலை பொறுமை. 2010-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த ஏர் ஃபிரையர், விசிறி வைத்த சிறு அடுப்பைக் கொண்டு அந்தப் பொறுமையைச் சுருக்குகிறது. பெயரில் பொரித்தல் இருந்தாலும் அது எதையும் பொரிப்பதில்லை. விசிறி இல்லாத காலத்தில் இந்த வேலையை மொட்டை மாடி செய்தது. கொத்தவரங்காய், சுண்டைக்காய், மணத்தக்காளி எல்லாம் மோரிலோ உப்பிலோ ஊறி, பல நாள் வெயிலில் காய்ந்து, ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாமல் நீர் நீங்கி வத்தலாயின. அவ்வளவு தவம் செய்த வத்தலைக் கடைசியில் எண்ணெயில் போடுவது தமிழ்ச் சமையலின் சோகக் காட்சிகளில் ஒன்று. வெறும் வாணலியில் சிறு தீயில் புரட்டினாலே அது பேசும்.

மறுப்புகளுக்கு வருவோம். எண்ணெய் இல்லாமல் மணம் ஏது என்பது முதல் மறுப்பு. இது வலுவானது, ஏனெனில் மணப்பொருள்கள் பலவும் எண்ணெயில்தான் கரையும். ஆனால் கரைப்பதற்கு ஒரு கரண்டி போதும், குளம் வேண்டாம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 40 கலோரி. அதில் கடுகும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து நான்கு பேருக்கான கோசுமல்லியில் கொட்டினால் ஆளுக்குப் பத்து. இரண்டாவது, உப்பு. நாளுக்கு ஐந்து கிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பையே விதியாகக் கொண்ட இந்த ஆய்வு அங்கே தலைகுனிகிறது. எலுமிச்சையும் மாங்காயும் பாதிச் சுமையைத் தாங்கும் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவது, வெள்ளரிக்காய் பசியை அடக்காது. அடக்க வேண்டாம். பசிக்குச் சாப்பாடு இருக்கிறது. தீனி வாய்க்கு வேலை கொடுக்க வந்தது, கிராமுக்குக் கடி என்று கணக்கிட்டால் அந்த வேலையைக் காய் சிறப்பாகவே செய்கிறது. விருந்தாளிக்கு முள்ளங்கித் துண்டை எப்படி நீட்டுவது என்ற நான்காவது மறுப்பு சமூகவியலைச் சேர்ந்தது. சம்பந்தி வீட்டார் வந்திருக்கும்போது முறுக்குத் தட்டு வைப்பது, பேச்சு தடைப்படும் இடங்களைச் சத்தத்தால் நிரப்பத்தான். முள்ளங்கியும் அதே சத்தத்தைத் தரும். பின்விளைவான ஏப்பத்துக்கு மட்டும் இக்கட்டுரை பொறுப்பேற்காது.

ஐந்தாவது மறுப்புதான் இந்த ஆய்வின் தூக்கத்தைக் கெடுப்பது: மழை. வெளியே சடசடவென்று பெய்துகொண்டிருக்கும்போது வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார யாருக்கு மனம் வரும்? மழைக்குளிரில் உடல் சூட்டைக் கேட்கிறது என்பது வழக்கமான விளக்கம். இக்கட்டுரையின் முறைப்படி விளக்கம் செவியிலிருந்தே வரவேண்டும். ஓட்டிலும் தகரத்திலும் மழை விழும் ஓசையும், காய்ந்த எண்ணெயில் மாவு விழும் ஓசையும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. வானம் பொரிக்கத் தொடங்கியதும் வீடும் பொரிக்க நினைக்கிறது. ஆகவே மாற்று மருந்தும் ஓசையாகத்தான் இருக்க முடியும். சின்னத் தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும்போது அதே சடசடப்பு எழுகிறது, நாற்பது கலோரிக்குள். அடைமழைக்கு இது போதாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தகைய நாட்களில் வாழைக்காய் பஜ்ஜி விதிவிலக்காக அனுமதிக்கப்படுகிறது. எத்தனை என்ற கேள்வி இந்த ஆய்வின் எல்லைக்கு உட்பட்டதன்று.