மார்க்கதரிசி

சென்னைப் பட்டணத்தில் சொந்தக் கார் வைத்திருக்கும் குடும்பஸ்தர்களிடையே, நீண்ட விடுமுறை வரும்போது மாத்திரம் ஞானோதயம் பெறுகிற ஒரு வர்க்கத்தார் உண்டு. அவர்களை மார்க்கதரிசிகள் என்று அழைப்பது பொருந்தும். மற்ற நாட்களில் ஆபீஸில் இருக்குமிடம் தெரியாமல் வேலை பார்க்கும் இந்த வர்க்கத்து மனிதர், சுதந்திர தினமோ குடியரசு தினமோ வெள்ளியிலோ திங்களிலோ விழுந்து, சனி ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாளாகத் திரண்டுவிட்டால், உடனே சேனாதிபதியாகிவிடுகிறார். டிசம்பரில் புதுக் காலண்டர் கைக்கு வந்ததும் மனைவி தீபாவளி என்றைக்கென்று தேடுவாள். இவரோ காந்தி ஜயந்தி வெள்ளிக்கிழமை என்பதைக் கண்டு, அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மகாபலிபுரத்துக்கு வியூகம் வகுக்கத் தொடங்கியிருப்பார்.

மகாபலிபுரம் போவதற்குத் திருவான்மியூரில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து நேரே தெற்கே போகவேண்டியதுதானே என்பது பாமர ஜனங்களின் அபிப்பிராயம். இதை மார்க்கதரிசியிடம் சொன்னால், அவர் அனுதாபத்துடன் புன்னகை புரிந்து, "ஈ.சி.ஆரா? லீவு நாள்லயா? உத்தண்டி டோல்கேட்டிலேயே விடிஞ்சிடும், சார்!" என்பார். அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கிழக்கே சமுத்திரம், மேற்கே முட்டுக்காட்டு உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும், இவற்றுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் ஓடுகிற அந்தச் சாலைக்குத் துணையாக அந்தத் துண்டு நிலத்தில் வேறொரு பெரிய சாலை கிடையாது. தட்சிணசித்திராவுக்குப் போகிறவர்கள், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்கிறவர்கள், புதுச்சேரிக்கு விரைகிற வாலிபர்கள் ஆகிய சகலரும் அந்தப் பாதையில்தான் வந்து குவிகிறார்கள்.

ஆகவே மார்க்கதரிசி ஜி.எஸ்.டி. ரோடு வழியாகத் தாம்பரம் தாண்டி, வண்டலூரில் இடது பக்கம் திரும்பி, மாம்பாக்கம், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று சுற்றிக்கொண்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் கடலோரத்தை அடைவதாகத் தீர்மானிக்கிறார். தென் மாவட்டத்துப் பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்கு மாறிவிட்டபடியால், தாம்பரம் பக்கம் காலியாக இருக்கும் என்பது அவர் சித்தாந்தம். அந்தப் பஸ்களைப் பிடிக்க வேண்டிய ஜனங்கள் எந்த வழியாகக் கிளாம்பாக்கம் போய்ச் சேருவார்கள் என்ற அற்ப விஷயத்தை அவர் ஆராய்வதில்லை. விடியற்காலை நாலு மணிக்குக் குழந்தைகளைத் தூக்கத்தோடு தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி, முதல் நாள் இரவே கிளறி வைத்த புளியோதரைத் தூக்கைக் காலடியில் வைத்து, வெற்றிகரமாகப் புறப்பட்டு, பெருங்களத்தூரை நெருங்கியதும், இருட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் பின்விளக்குகள் சிவந்து நிற்பதைக் காண்கிறார். பக்கத்துக் காரைப் பார்க்கிறார்: பின்சீட்டில் தூங்கும் குழந்தைகள், முன்சீட்டில் ஒரு தூக்கு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இன்னொரு மார்க்கதரிசி! அவரும் இவரை அதே விரோத பாவத்துடன் பார்க்கிறார்.

இதனால் சோர்ந்துபோகிறவர் மார்க்கதரிசி அல்ல. திருப்போரூரை அடைந்ததும், அன்றைக்குக் கிருத்திகை என்பதும், கந்தசாமியைத் தரிசிக்கப் பால்குடத்தோடு பக்தகோடிகள் சாலையை நிறைத்திருப்பதும் தெரியவருகின்றன. அரசாங்க விடுமுறையை வட்டமிட்ட மனிதர், அதே காலண்டரில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த கிருத்திகையைக் கவனிக்கவில்லை. உடனே கைபேசியைக் கலந்தாலோசிக்கிறார். அது நெரிசலைச் சிவப்புக் கோடாகவும், வயல்காட்டுச் சந்து ஒன்றை நீலக் கோடாகவும் காட்டி, அந்தச் சந்தில் போகும்படி உபதேசம் செய்கிறது. அதே உபதேசத்தை அதே கணத்தில் முன்னே நிற்பவருக்கும் பின்னே நிற்பவருக்கும் அது வழங்கியிருக்கிறது என்பது, எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்க இடமின்றி அத்தனை கார்களும் வரிசையாக நின்றபோதுதான் விளங்குகிறது.

"ஏங்க, நேராப் போயிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாம் இல்ல?" என்கிறாள் மனைவி. இந்தக் கேள்விக்கு மார்க்கதரிசிகளின் சாஸ்திரத்தில் பதில் கிடையாது. அவர் கண்ணாடியை இறக்கி, ஓரத்து டீக்கடைக்காரரிடம், "அண்ணே, இப்படிப் போனா நெம்மேலி போய் மகாபலிபுரம் போயிடலாமா?" என்று விசாரிக்கிறார். "தாராளமா போலாம் சார்! விடிஞ்சதுலேருந்து எல்லாரும் இப்படித்தானே போறாங்க!" என்று டீயை ஆற்றிக்கொண்டே அந்த மனிதர் அளிக்கும் உற்சாகமான பதிலைப்போல் அவரைப் புண்படுத்துவது வேறொன்றுமில்லை. கடைசியில் நெம்மேலியில் அவர் வந்து சேருவது எந்தச் சாலையில் என்கிறீர்கள்? சாக்ஷாத் கிழக்குக் கடற்கரைச் சாலையேதான்!

ஒருவழியாக மகாபலிபுரம் வந்து, காரை நிறுத்த இடம் பிடித்து, உச்சி வெயிலில் கடற்கரைக்கு நடந்தபோது, குழந்தைகள் அலையைக் கண்டு ஓடுகின்றன. மார்க்கதரிசியோ கடலுக்கு முதுகு காட்டி நின்று, கைபேசியைப் பார்த்து, "மூணு மணிக்கே கிளம்பிடணும், நாலு மணிக்கு மேல எல்லாரும் திரும்ப ஆரம்பிச்சிடுவாங்க" என்று திரும்புகாலுக்கான வியூகத்தை வெளியிடுகிறார். உண்மையில் அவர் கடலைப் பார்க்கப் புறப்பட்டவரே அல்ல. கூட்டத்தை ஜயிக்கப் புறப்பட்டவர். கூட்டம் என்பது தம்மை நீக்கி மற்றவர்கள் மாத்திரமே என்று நம்புகிறவரை, அந்தக் கூட்டத்தில் ஒருவர் குறையப்போவதில்லை.

ஆகையால், நிஜமாகவே கடலைப் பார்க்கும் ஆசையுள்ள வாசகர்கள், பாதையை மாற்றுவதை விட்டு நாளை மாற்றி, ஏதாவதொரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, இட்லி காப்பி சாப்பிட்டு, சாவகாசமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே போய்வருவது உத்தமம். இந்த யோசனையை உங்களுக்குத் தெரிந்த மார்க்கதரிசி யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்; செவ்வாய்க்கிழமையும் கெட்டுவிடும்.