மாற்று எஞ்சின் மீமாம்சை

ஊரின் பெயர் நாரதர்மலையின் சிதைவா, நகரத்தார்மலையின் மரூஉவா என்பதை அறிஞர்கள் இன்னும் தீர்த்துக்கொள்ளாத நார்த்தாமலையில், சென்ற பங்குனித் திருவிழாவுக்குச் சில வாரம் முன்பு, என் உறவினர் ஒருவரின் விறகு பிளக்கும் ஹைட்ராலிக் யந்திரம், அன்னதானத்துக்கென்று வந்திறங்கிய தைலமரத் துண்டுகளின் நடுவே, எஞ்சினின் கனெக்டிங் ராடை ஒடித்துக்கொண்டு பரமபதம் அடைந்தது. பம்பு பிழைத்தது; சிலிண்டரும் ஆப்பும் பிழைத்தன; எஞ்சின் ஒன்றுதான் போயிற்று. வேறு எஞ்சின் வாங்கி மாட்டுவது ஒரு காலைப்பொழுதின் வேலை என்று பாமரர் நினைக்கலாம். ஆராய்ச்சி மனம் படைத்தவர்கள் அவ்வாறு நினைப்பதில்லை. ஆகையால் பதினொரு நாள் ஆயிற்று.

முதற்கண் மூலநூல். யந்திரத்தோடு வந்த கையேட்டின் பிரதி ஒன்றே கிடைத்துள்ளது. அதில் 1 முதல் 6 வரையுள்ள ஏடுகளைக் கரையான் கொண்டுவிட்டது; 9-ஆம் ஏட்டில் எண்ணெய் ஊறி முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே சமயத்தில் வாசிக்கக் கிடைப்பதால் பாடபேதங்கள் மிகுதி. பென்சிலால் ஓரத்தில் எழுதப்பட்டுள்ள ‘பால் பாக்கி’ என்னும் தொடர் இடைச்செருகல் என்பதே என் துணிபு.

நிறத்தைப்பற்றி அபிப்பிராய பேதம் இல்லை: சிவப்பு. விலை துக்ககரமான விஷயமாதலின் விடப்பட்டது.

அடுத்தது சக்தி. பம்பு நிமிஷத்துக்கு 12 லிட்டர் எண்ணெய் தள்ளும். அழுத்தம் 120 பார். இரண்டையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 2.4 கிலோவாட், பம்பின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் எஞ்சின் தரவேண்டியது ஏறக்குறைய 2.8 கிலோவாட், அதாவது 3.8 குதிரைசக்தி. 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டரில் இது சுமார் 9½ டன் உந்துதலாக மாறி மரத்தைப் பிளக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. ஆயினும் கணக்கோடு நின்றுவிட்டால் சாஸ்திரம் எப்படி வளரும்? ஹோண்டாவின் ஜி.எக்ஸ். 160 எஞ்சின் வெகுகாலம் 5.5 குதிரைசக்தி என்று அறியப்பட்டது. பிற்பாடு அளக்கும் முறை மாறவே 4.8 என்று அச்சாயிற்று. சிலிண்டரோ அன்றும் இன்றும் 163 சி.சி.தான். குதிரை இளைக்கவில்லை, தராசு மாறியது என்று ஒரு சாராரும், முற்காலத்துக் குதிரைகளே பெரியவை என்று மறு சாராரும் டீக்கடைப் பெஞ்சில் வாதித்த வாதங்களை இங்கே விரித்தால் கட்டுரை நீளும். விரிக்காவிட்டால் என் உழைப்பு வீணாகும். இரண்டு கணக்கிலும் நமக்கு அந்த எஞ்சின் போதும் என்ற உண்மையை எவரும் பொருட்படுத்தவில்லை.

சுழற்சி. இத்தகைய சிறு எஞ்சின்களை ஷாப்ட் நீட்டியிருக்கும் பக்கம் நின்று பார்த்தால் இடஞ்சுழி; எதிரே முகம் பார்த்து நிற்கும் பம்பை அதன் ஷாப்ட் பக்கம் நின்று பார்த்தால் வலஞ்சுழி. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சொல்லாமல் சுழியைமட்டும் சொல்லும் வழக்கம் சரித்திர ஆசிரியர்களிடமும் உண்டென்றாலும், அவர்கள் தவறினால் மறுப்புக் கட்டுரைதான் வரும். இங்கே தவறினால் பம்பின் சீல் பிய்த்துக்கொண்டு எண்ணெய் வேட்டியில் வரும்.

இனி இவ்வாராய்ச்சியின் சிகரமாகிய ஷாப்டின் விட்டம். ஒரே எஞ்சின் 20 மில்லிமீட்டர் ஷாப்டோடும் வருகிறது, முக்கால் அங்குல ஷாப்டோடும் வருகிறது. முக்கால் அங்குலமாவது 19.05 மில்லிமீட்டர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 0.95 மில்லிமீட்டரில் எத்தனை தரிசனங்கள் அடங்கியுள்ளன என்பதை வடகலை தென்கலை நாமத்தின் பாதத்தைப்பற்றி வழக்காடியவர்களே முழுமையாக உணர்வர். எங்கள் கப்ளிங்கின் துவாரம் 19.05, கடைக்காரர் அனுப்பிய எஞ்சின் 20. ‘சுத்தியலால் தட்டினால் ஏறும்’ என்பது பலாத்கார வாதம். (காண்க: பட்டறைச் சுவர்க் கரிக்கோட்டுச் சாசனம், வடபுறம், கிழிந்த காலண்டருக்குக் கீழ், 3-ஆம் வரி.) ‘வேறு கப்ளிங்கைப் பெரிதாகக் குடைந்து தகரத்தைச் சுற்றி இறக்கலாம்’ என்பது சமரச வாதம், இதன்படி முன்பு ஒருமுறை செய்ததில் கப்ளிங் நடுவிலுள்ள ரப்பர் இரண்டே நாளில் இட்லிப்பொடி ஆயிற்று. (காண்க: மேற்படி சாசனம், மேற்படி வரியை அடித்துவிட்டு அதன்மேல் வேறு கையெழுத்தில் எழுதப்பட்ட பகுதி; ‘அன்னைக்கே சொன்னேன்’ எனத் தொடங்கும் உரை; அவ்வுரைக்கு என் உறவினரின் மைத்துனர் வாய்மொழியாக வழங்கிய மறுப்பு; அம்மறுப்பின்போது பறந்த ஸ்பேனர் பதித்த காரைத் தழும்பு.)

இவ்வாறு விசாரணை எட்டாம் நாளை எட்டியபோது, அதுவரை பீடியோடு மௌனமாக இருந்த மெக்கானிக் என்னிடம் கேட்டார்: “அண்ணே, அந்தக் கப்ளிங்கக் குடுங்க. லேத்துல இருபதுக்குக் குடைஞ்சு, சாவிக்கு வழி போட்டுட்டு வந்துர்றேன். அரை மணி நேரம்.” முறையியல் இல்லாத இக்கருத்தை மூன்று நாள் நிராகரித்து, பின்னர் ஏற்றோம்.

மாற்றிக் கட்டுவது இவ்வூருக்குப் புதிதன்று. மேலமலையில், முத்தரையர் குலத்தவன் எனப்படும் சாத்தன் பூதி எடுப்பித்த கற்றளி மழையால் அழிய, மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்தான் என்று துவாரபாலகரின் பாதத்தின் கீழ் கல்வெட்டு இருக்கிறது. என்ன போயிற்று, எதனால் போயிற்று, யார் சரிசெய்தார் என்பதைச் சில வரிகளில் சொல்லி முடித்துவிட்டார்கள். கோயிலின் பெயரோ விஜயாலய சோழீசுவரம். ஆகவே சோழர் கோயிலா, முத்தரையர் கோயிலா என்று பல தலைமுறைப் பண்டிதர்களுக்குப் பிழைப்பு நடந்திருக்கிறது.

புது எஞ்சின் ஏறிற்று. இரண்டாம் இழுப்பில் பேசிற்று. முத்துமாரியம்மன் கொடியேற்றத்துக்குள் தைலமரம் முழுவதும் விறகாயிற்று. என் உறவினர்மட்டும் ஏதோ யோசித்தபடி நின்றார். பிறகு செத்த எஞ்சினிலிருந்து பழைய பெயர்த் தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, ‘ராசியான பெயர்’ என்று சொல்லி, புது எஞ்சினின் நெற்றியில் இரண்டு திருகாணி வைத்து முடுக்கினார்.