வாயால் காட்டும் வியாபாரம்

கேள்வி: டி.வி. ஷாப்பிங் நிகழ்ச்சிகளில் 'வாவ்', 'சான்ஸே இல்ல' என்று மூச்சுவிடாமல் கத்துகிறார்களே, இதை யார் ரசிக்கிறார்கள்?

பதில்: யாரும் ரசிக்க வேண்டாம், ஃபோன் செய்தால் போதும். 1977-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஒரு விளம்பரதாரர் வானொலி நிலையத்துக்குத் தர வேண்டிய பாக்கிக்குப் பணமில்லாமல் டின் ஓப்பனர்களைத் தள்ளிவிட்டார். அறிவிப்பாளர் பாப் சர்கோஸ்டா அவற்றை மைக்கிலேயே கூவி விற்றார். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாயால்தானே காட்ட முடியும்? பிறகு இந்த வியாபாரம் டி.வி.க்கு வந்தது, பொருள் தெரிந்தது; வாய் மட்டும் ஓயவில்லை. கியூ.வி.சி. போன்ற ஷாப்பிங் சேனல்களில் விற்பனை நிலவரத்தைத் தொகுப்பாளர் காதில் ஓதிக்கொண்டே இருப்பார்கள். 'வாவ்' என்றதும் ஆர்டர் எகிறினால், அப்புறம் எல்லாமே 'வாவ்'தான். நம்மூர் டப்பிங் விளம்பரங்கள் இன்னும் விசேஷம். வெள்ளைக்காரர் வாயை மூடிய பிறகும் தமிழ் பேசுவார். (அதை நான் ரசிப்பதுண்டு. தொப்பை பெல்ட் வாங்கியதில்லை.)